சரிதானா என்று கேட்டவர்கள்

எங்கள் தொழிலில் முதலில் கையில் வாங்கும் கருவி ஒரு கடிதம். எந்தெந்தக் கணினிகளைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிக்க வேண்டும், நள்ளிரவில் ஏதாவது நின்றுபோனால் யாரை எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாடிக்கையாளர் நிறுவனத்தின் பொறுப்பதிகாரி கையெழுத்திட்டு முத்திரை வைத்திருப்பார். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் பிறர் கணினிக்குள் நுழைவதே குற்றம். ஐந்து ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். திருடன் தட்டும் கட்டளைகளைத்தான் நாங்களும் தட்டுகிறோம். அவன் பயன்படுத்தும் மென்பொருள்கள்தான் எங்கள் மடிக்கணினியிலும் இருக்கின்றன. அவனையும் எங்களையும் பிரிப்பது அந்த ஒரு தாள். ஆகவே அதை வரிவரியாகப் படித்து, ஒரு பிரதியைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொடங்குவோம்.

நான் யட்டவத்தயில் பிறந்தவன். மாத்தளை மாவட்டத்தில், வீட்டுத் தோட்டங்களிலேயே மிளகும் கராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் விளையும் மலைச்சரிவு. அப்பா மிளகு பறித்து, உலர்த்தி, மாத்தளை நகரத்துக் கடைகளுக்குக் கொண்டுபோவார். உயர்தரம்வரை தமிழில் படித்தேன். கணினிப் பட்டம் கொழும்பில். 2015இல் அங்கேயே ஓர் இணையப் பாதுகாப்பு ஆலோசனை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. "கம்பியூட்டர்ல களவு போகாம பாக்குற வேலை" என்று அப்பா ஊரில் சொன்னார். அது சரியான விளக்கம்தான். களவு எந்த வழியாக நுழைகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதை இத்தனை ஆண்டுகளில் பக்கத்திலிருந்து பார்த்தேன். பார்த்ததில் சொல்லத் தகுந்தவற்றை இங்கே எழுதுகிறேன். வாடிக்கையாளர் பெயர்களை எழுத முடியாது. ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கிறது, மனமும் அதற்கு ஒப்பாது.

வேலையின் நடைமுறை எளிமையாகச் சொல்லக்கூடியது. ஒரு வங்கி, காப்புறுதி நிறுவனம், மருத்துவமனை, ஆடைத் தொழிற்சாலை, யாராவது எங்களை அழைப்பார்கள். முதலில் அவர்களின் வலையமைப்பில் எத்தனை கணினிகள் உயிரோடு இருக்கின்றன, அவற்றில் எந்தெந்த வாசல்கள் திறந்திருக்கின்றன என்று என்மேப் என்ற கருவி கொண்டு பார்ப்போம். இணையதளங்களை பர்ப் சூட் என்ற இன்னொரு கருவி வழியாகப் பரிசோதிப்போம். தானியங்கிக் கருவிகள் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான பலவீனங்களைப் பட்டியலிட்டுவிடும். அதில் பாதிக்குமேல் உண்மையில் ஆபத்தில்லாதவையாக இருக்கும். உலர்ந்த மிளகைத் தண்ணீரில் போட்டால் சப்பை மிதக்கும், மணி அடியில் நிற்கும். எங்களுக்கு அப்படியொரு தண்ணீர் கிடையாது. பட்டியலின் ஒவ்வொரு வரியையும் ஒருவர் உட்கார்ந்து கையால் சரிபார்க்க வேண்டும். சினிமாவில் வருவதுபோலப் பச்சை எழுத்துகள் ஓடும் வேலையல்ல. கண்வலியும் ஆறிப்போன பிளேன்டீயும் உள்ள வேலை.

சரிபார்த்ததை எழுத வேண்டும். ஒவ்வொரு பலவீனத்துக்கும் 0 முதல் 10 வரை ஓர் ஆபத்து எண், நிரூபிக்கும் திரைப்பிடிப்பு, திருத்தும் வழி. ஊடுருவல் சோதனை செய்பவர்களுக்கான ஓ.எஸ்.சி.பி. என்ற பரீட்சையில் 23 மணி 45 நிமிடம் கணினிகளை உடைக்கக் கொடுப்பார்கள். அது முடிந்ததும் அறிக்கை எழுத மட்டும் இன்னும் 24 மணி நேரம். உடைப்பதற்கும் எழுதுவதற்கும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் ஒதுக்கியவர்கள் இந்தத் தொழிலை நன்றாக அறிந்தவர்கள்.

நான் சேர்ந்த சில மாதங்களிலேயே உலகத்தின் மிகப் பெரிய வங்கித் திருட்டு முயற்சிகளில் ஒன்று இலங்கையையும் தொட்டுச் சென்றது. 2016 பெப்ரவரி 4, வியாழக்கிழமை. வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் முன்பே நுழைந்து காத்திருந்தவர்கள், வங்கிகள் தமக்குள் உத்தரவு அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 பணமாற்று உத்தரவுகளை அனுப்பினார்கள். மொத்தம் 95 கோடியே 10 லட்சம் டொலர். நாளைத் தெரிந்தே தேர்ந்திருந்தார்கள். வெள்ளியும் சனியும் வங்கதேசத்தில் விடுமுறை. ஞாயிறு நியூயோர்க்கில் விடுமுறை. திங்கள் பிலிப்பைன்சில் சீனப் புத்தாண்டு. உத்தரவுகளை அச்சிடும் அச்சுப்பொறியையும் முடக்கிவைத்தார்கள். 8 கோடியே 10 லட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போய், பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. இன்னும் 2 கோடி டொலர் இலங்கையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்கை நோக்கி வந்தது.

அந்த 2 கோடி தப்பியது. பெறுநர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. இடையிலிருந்த டொய்ச்சே வங்கியில் அதைக் கவனித்து விளக்கம் கேட்டார்கள். இந்தச் சிறிய நாட்டில் ஒரு கணக்குக்கு இவ்வளவு பெரிய தொகையா என்ற சந்தேகம் இங்குள்ள வங்கியிலும் எழுந்தது. கேள்வி திரும்பிப் போனது, பணமும் திரும்பிப் போனது.

எங்கள் அணித்தலைவி ஒரு சிங்களப் பெண். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் அழைப்போம். எந்த நிறுவனத்துக்குப் பயிற்சி கொடுக்கப் போனாலும் இந்தச் சம்பவத்தைத்தான் முதலில் சொல்வார். "கடவுச்சொல், மென்பொருள், தீச்சுவர், எல்லாவற்றையும் அவர்கள் தாண்டிவிட்டார்கள். கடைசியில் மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் 'இது சரிதானா?' என்று கேட்டார். உங்கள் அலுவலகத்தில் அப்படிக் கேட்பவருக்கு என்ன பதில் கிடைக்கும்?" பெரும்பாலும் அறை அமைதியாகிவிடும். முன்வரிசையில் மேலாளர்கள், பின்வரிசையில் இளம் ஊழியர்கள். பின்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தப் பார்வையின் பொருள் ஒரு நிதி நிறுவனத்துக்காகப் போலி மின்னஞ்சல் சோதனை நடத்தியபோது எனக்கு முழுதாக விளங்கியது. ஊழியர்களை ஏமாற்றுவதுபோல ஒரு மின்னஞ்சலை நாங்களே அனுப்பி, எத்தனை பேர் அதிலுள்ள இணைப்பைச் சொடுக்குகிறார்கள் என்று பார்க்கும் சோதனை அது. விடுமுறை விபரங்களைப் புதுப்பிக்கும்படி மனிதவளப் பிரிவு கேட்பதுபோல எழுதியிருந்தோம். சோதனை முடிந்த பிறகு கிளைகளுக்குப் போய் ஊழியர்களுடன் பேசுவது வழக்கம். மலையகக் கிளை ஒன்றில் பயிற்சி நிலையில் இருந்த ஒரு தங்கச்சி, நான் தமிழ் பேசுபவன் என்று தெரிந்ததும் மனம்விட்டுப் பேசினார்.

"நான் முதல்ல தலைமை ஆபீசுக்கு போன் பண்ணிக் கேட்டேன் சேர். அனுப்புன விலாசம் வேற மாதிரி இருக்கே, நம்ம மெயில்தானான்னு. எல்லாத்துக்கும் போன் எடுக்காதீங்க, சொன்னத செய்யுங்கன்னாங்க. அதுக்குப் பிறகுதான் அமத்துனேன்."

எங்கள் கணினி எடுத்த பட்டியலில் அவர் பெயர் 'ஏமாந்தவர்கள்' வரிசையில் இருந்தது. அந்தக் கிளையில் உண்மையைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான். சரியாகச் சந்தேகப்பட்டார், சரியான இடத்தில் கேட்டார். கேட்டதற்கு அதட்டல் கிடைத்ததால்தான் சொடுக்கினார். எண்ணிக்கை மட்டும் போட்டிருந்தால் அந்த நிறுவனம் தன் மிகச் சிறந்த காவலாளியை முட்டாள் என்று பதிவுசெய்திருக்கும். அக்கா அறிக்கையின் முதல் பக்கத்தையே மாற்றி எழுதினார். எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பது இரண்டாம் பக்கத்துக்குப் போனது. ஒருவர் கேள்வி கேட்டார், அவருக்குக் கிடைத்த பதில் இது, இதுவே இந்த நிறுவனத்தின் மிகப் பெரிய பலவீனம் என்பது முதல் பக்கத்துக்கு வந்தது. சொடுக்கியவர்களின் பெயர்ப்பட்டியலை ஒழுக்காற்று நடவடிக்கைக்காகக் கேட்டபோது அவர் கொடுக்கவில்லை. பெயர் தரமாட்டோம் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதிவைத்திருந்தார்.

இதே விடயத்தில் உலகம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 டிசம்பரில், கொரோனா நெருக்கடியின் நடுவே, கோடாடி என்ற அமெரிக்க நிறுவனம் தன் ஊழியர்களுக்கு 650 டொலர் விடுமுறைப் போனஸ் தருவதாக மின்னஞ்சல் அனுப்பியது. அதுவும் சோதனைதான். சுமார் 500 பேர் விபரங்களைக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் போனஸ் கிடைக்கவில்லை, நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்ற அறிவிப்புத்தான் கிடைத்தது. கண்டனம் எழுந்து நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கஷ்டத்தில் இருப்பவனுடைய ஆசையைத் தூண்டில் ஆக்கினால் அவன் ஏமாறுவான் என்பதை நிரூபிக்க ஆலோசகர் தேவையில்லை. அப்படி அவமானப்பட்டவர் அடுத்த முறை உண்மையிலேயே ஏமாந்தால் யாரிடமும் வாய் திறக்கமாட்டார். தாக்குதல் நடந்த முதல் மணி நேரத்தில் ஒருவர் வந்து சொன்னால் ஒரு கணினியோடு நிறுத்தலாம். மூன்றாம் நாள் தெரிந்தால் நிறுவனமே படுத்துவிடும். வெட்கத்தால் மறைத்த ஒரு சொடுக்கல் எவ்வளவு தூரம் பரவும் என்பதைச் சம்பவ விசாரணைகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வேலை என் மனதில் நெடுநாள் தங்கிவிட்டது. பெண்களுக்குக் குழுக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனம். அவர்களுடைய உள் வலையமைப்பில் கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்த ஒரு பகிர்வுக் கோப்புறையைக் கண்டேன். உள்ளே கடன் விண்ணப்பங்களின் பிரதிகள், தேசிய அடையாள அட்டையின் இரு பக்கங்கள், கைபேசி எண், வீட்டு விலாசம், சில இடங்களில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம். தோட்டத்தின் பெயர், பிரிவு, லயத்தின் இலக்கம் என்று விலாசங்கள். மாத்தளை மாவட்ட விலாசங்களும் இருந்தன.

எங்கள் விதி, நிரூபணத்துக்கு ஒரே ஒரு திரைப்பிடிப்பு எடுக்க வேண்டும், அதிலும் பெயரையும் முகத்தையும் மறைத்துவிட வேண்டும், பிறகு கோப்புறையை மூட வேண்டும். தெரிந்த பெயர் இருக்கிறதா என்று தேடக்கூடாது. அதன்படி மூடினேன். ஊருக்கு வந்தபோதும் யாரிடமும் சொல்ல முடியாது. கோயில் வாசலில் என்னை விசாரிக்கும் பெண்களில் யாருடைய படம் அதில் இருந்ததோ தெரியாது. பிறர் அந்தரங்கம் கண்ணில் பட்டும் படாததுபோல நடந்துகொள்வது இந்தத் தொழிலின் ஒழுக்கம். அதற்குப் பயிற்சி வகுப்பு எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் தனக்குள்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

அந்தப் படங்களை நான் அடையாள அட்டைப் பிரதிகளாக மட்டும் பார்க்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமாக எண்ணிக்கைகளாகப் பிரித்துப் பங்கிட்டது. எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை கொடுத்தது. ஒரு தாளுக்காக எங்கள் மக்கள் 55 ஆண்டு காத்திருந்தார்கள். தாத்தா தன் பத்திரங்களைத் தகரப் பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டியிருந்தார். அப்படிக் காத்த தாளின் பிரதி ஒரு கடனுக்காகக் கொடுக்கப்பட்டு, பூட்டே இல்லாத இடத்தில் கிடந்தது.

அடையாள அட்டை எண்ணே நிறையப் பேசும் எண். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதனுடன் 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்க எண்ணிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் முழுதாக வரும். எண்ணைப் பார்த்தவருக்குப் பிறந்த தேதியும் பாலும் தெரிந்துவிடும். பல இடங்களில் அந்த எண்ணையே முதல் கடவுச்சொல்லாகக் கொடுத்திருப்பார்கள். தொலைபேசியில் அழைத்து "அம்மா, உங்கட பிறந்த தேதி இதுதானே" என்று கேட்கும் மோசடிக்காரனை நம்பவைப்பது இந்த எண்கள்தான். அறிக்கையில் அந்தக் கோப்புறைக்கு மிக உயர்ந்த ஆபத்து மதிப்பெண் போட்டோம். முதலில் அவர்கள் அதை ஏற்கவில்லை. உள் வலையமைப்புத்தானே, வெளியாள் எப்படி வருவான் என்றார்கள். அக்கா வாதாடவில்லை. "இதில் உங்கள் தாயாரின் அட்டை இருந்தால் இன்று மாலைக்குள் மூடுவீர்களா, அடுத்த மாதம் மூடுவீர்களா?" என்று மட்டும் கேட்டார். மாலைக்குள் மூடினார்கள்.

2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை காலை. பெருந்தொற்றுக் காலமாதலால் நான் யட்டவத்தயில் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். தோட்டத்தின் மேல் ஓரத்தில்தான் கைபேசிக்கு ஒழுங்கான சிக்னல் வரும். அங்கே மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஒரு மேசை போட்டிருந்தேன். குழுவில் செய்தி மேல் செய்தி. கூகுளின் இலங்கை முகவரியைத் தட்டியவர்களுக்கு வேறொரு பக்கம் திறக்கிறது. ஆரக்கிளின் இலங்கை முகவரிக்கும் அதே நிலை. கூகுளை யாரும் உடைக்கவில்லை. எந்தப் பெயர் எந்தக் கணினியைக் குறிக்கிறது என்று சொல்லும் பதிவேட்டில்தான் கைவைத்திருந்தார்கள். '.எல்கே' என்று முடியும் பெயர்களையெல்லாம் பதிவுசெய்யும் அந்த அமைப்பு மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எங்கள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரின் பெயரும் சரியான இடத்தைக் காட்டுகிறதா என்று சரிபார்ப்பது என் பங்கு.

திறந்த அந்தப் பக்கத்தில் இருந்ததைப் படித்தேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினை, ஊடகச் சுதந்திரம், அரசியல் ஊழல், சிறுபான்மையினரின் நிலை. 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்காகத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்த காலம். என் சித்தி ரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறார். அவருடைய வாழ்க்கை நாடே தட்டும் முகவரியில் எழுதப்பட்டிருக்கிறது, அதை அகற்றும் அணியில் நான் இருக்கிறேன். என் வேலையை நான் செய்தேன். எல்லோரும் நம்பிப் பயன்படுத்தும் பதிவேட்டைக் கெடுத்தால், சித்தி பணம் அனுப்பும் வங்கியின் பெயரும் ஒருநாள் திருடனிடம் போய் நிற்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது பொய்யில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தோட்ட வாசலில், தொழிற்சங்கக் கூட்டத்தில், பிரதேச செயலகத்தில் முறையாகக் கேட்ட கேள்விகள்தான் அவை. வாசலில் கேட்டபோது காது கொடுக்காத நாட்டுக்குக் கேள்வி பின்கதவால் வருகிறது என்பதைப் பாதுகாப்புத் துறையில் இருப்பவன் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அடுத்த மாதம்தான் 1000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது.

2016 ஆகஸ்டில் ஜனாதிபதியின் இணையதளத்துக்குள் நுழைந்ததாகக் கடுகண்ணாவையில் கைதான 17 வயது மாணவனும் அப்போது நினைவுக்கு வந்தான். உயர்தரப் பரீட்சையை ஏப்ரலுக்கு மாற்றும் முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள், இணையதளங்களின் பாதுகாப்பைக் கவனியுங்கள் என்று அந்தத் தளத்தில் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. கடுகண்ணாவை எங்கள் ஊரிலிருந்து தொலைவில்லை. அந்த வயதுப் பிள்ளை தான் கண்ட ஓட்டையை யாரிடம் சொல்லியிருக்க முடியும்? நல்லெண்ணத்தோடு கண்டுபிடித்தவர் அச்சமின்றி அறிவிக்கும் வழியைப் பல நாடுகளின் அரசுகளும் பெரிய நிறுவனங்களும் திறந்துவைத்திருக்கின்றன. எங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் அப்படியொரு வழியை ஏற்படுத்தும்படி பரிந்துரைக்கிறோம். சிலர் செய்கிறார்கள்.

2022இன் பொருளாதார நெருக்கடி எங்கள் துறையையும் உலுக்கியது. மார்ச்சில் ரூபாய் சரிந்தது. ஒரு டொலர் சுமார் 200 ரூபாயாக இருந்தது மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. எங்கள் கருவிகளின் உரிமக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், எல்லாம் டொலரில். மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம்வரை போனது. இரவுப் பணியில் கண்காணிப்பு அறையின் மின்பிறப்பாக்கிக்கு டீசல் தேட ஒருவர் வரிசையில் நிற்பார், மற்றவர்கள் திரைகளைப் பார்ப்போம். ஏப்ரலில் அனொனிமஸ் என்ற ஊடுருவல் குழுவின் பெயரில் மின்சார சபை, பொலிஸ், குடிவரவுத் திணைக்களத் தளங்கள் தாக்கப்பட்டன. என்னோடு சேர்ந்தவர்களில் பலர் அவுஸ்திரேலியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். அக்காவும் போனார். யாரையும் குறைசொல்ல மனம் வரவில்லை. அவர்கள் இடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கருவிகள் ஒரு மாதத்தில் பழகின. ஆனால், கோபமாக எதிரே உட்கார்ந்திருக்கும் தொழில்நுட்ப மேலாளரிடம், அவர் கட்டிய அமைப்பின் குறையை, அவர் மானம் கெடாமல், அதே நேரம் ஒரு சொல்லையும் குறைக்காமல் சொல்வதற்கு ஆண்டுகள் பிடிக்கும். நாடு இழந்தது அந்த அனுபவத்தை.

நெருக்கடியின் விலை அடுத்த ஆண்டே தெரிந்தது. 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் அழிந்துபோயின. அந்தக் காலத்துக்குரிய காப்புப் பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் அந்த ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. 2021 முதலே மேம்படுத்தத் திட்டம் இருந்தது, நிதித் தட்டுப்பாடு போன்ற காரணங்களால் தள்ளிப்போனது என்று அதிகாரிகள் சொன்னார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தத் திட்டத்தை எழுதிய பொறியியலாளர்தான் கண்முன் வந்தார். ஏதோ ஓர் அறையில், ஏதோ ஒரு மேசைக்கு முன்னால் நின்று, "சேர், இது பழசாகிவிட்டது" என்று ஒருவர் சொல்லியிருக்கத்தான் வேண்டும். எங்கள் அறிக்கைகளும் எத்தனையோ இடங்களில் அலுமாரிக்குள் அப்படித்தான் கிடக்கின்றன. அடுத்த ஆண்டு மறுபடி சோதிக்கப் போவோம். போன ஆண்டு எழுதிய அதே ஓட்டை, அதே இடத்தில் இருக்கும். அந்த நேரத்தில் வரும் சோர்வு, தூக்கம் கெட்ட இரவுகளால் வரும் சோர்வைவிடப் பெரியது.

ஊரிலும் இதே கதை வேறு உருவத்தில் நடந்தது. பக்கத்து வீட்டு அத்தைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. வங்கியிலிருந்து பேசுகிறோம், பரிசு விழுந்திருக்கிறது, போனுக்கு வரும் இலக்கத்தைப் படித்துச் சொல்லுங்கள் என்று நல்ல தமிழில் மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள். சொன்னார். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசு போய்விட்டது. அதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. பொங்கலுக்கு நான் வந்திருந்தபோது, அம்மா இல்லாத நேரம் பார்த்துக் குசினிக்கு வந்து சொன்னார்.

"தம்பி, ஒங்க மாமாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. படிக்காதவ செஞ்ச வேலைன்னு ஏசுவாரு."

"அத்தை, வங்கிதானான்னு நீங்க அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன் தம்பி. நம்பிக்கை இல்லாட்டி விடுங்க அம்மான்னு கோவமா சொன்னாங்க. பெரிய எடத்துல இருந்து பேசுறவங்கள கோவப்படுத்தக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

அத்தை கேட்டிருக்கிறார். நிதி நிறுவனக் கிளையில் அந்தத் தங்கச்சி கேட்டதைப்போலவே. இருவரின் வாயையும் அடைத்தது ஒரே அதட்டல்தான். பரம்பரையாகக் கங்காணியிடமும் துரையிடமும், பிறகு ஒவ்வொரு அலுவலகக் கருமபீடத்திலும், எதிர்க்கேள்வி கேட்காமல் பழக்கப்பட்ட மக்கள் நாங்கள். திருடனுக்கு அந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும். அவன் உடைப்பது கணினியை இல்லை.

அந்த விடுமுறையில் கோயில் மண்டபத்தில் ஊர்ப் பெண்களை உட்காரவைத்துப் பேசினேன். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்களும் வந்தார்கள். கைபேசிக்கு வரும் ஒருமுறை இலக்கத்தை வங்கியே கேட்காது. கேட்டால் போனை வையுங்கள், கோபப்பட்டால் இன்னும் வேகமாக வையுங்கள். காசு போய்விட்டால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். கணினி, கைபேசி மோசடிகளை முறையிட இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கம் இருக்கிறது. 2006இலிருந்து இயங்கும் அந்த அரச அமைப்பைப் பற்றி மண்டபத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஓர் இளைஞன் ஓரமாக நின்று கேட்டான், தாய்லாந்தில் கணினி வேலை, விமானச் சீட்டும் தருகிறார்களாம், போகலாமா என்று. அப்படி அழைத்துப்போன இலங்கை இளைஞர்களை எல்லை தாண்டி மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைத்து, பிறரை ஏமாற்றும் வேலை வாங்கியதை எடுத்துச் சொன்னேன். 2024 ஒக்டோபரில் எங்களுக்குப் பக்கத்திலே, குண்டசாலையில், இணைய மோசடிக் குற்றச்சாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சீனர்கள் கைதானார்கள். இந்தக் குற்றம் எங்கோ தூரத்தில் நடப்பது என்று இனி எந்த ஊரும் நினைக்க முடியாது.

2022இல் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் அமுலாக்கம் தள்ளித் தள்ளிப் போனாலும், சட்டம் வந்ததே எங்கள் கையைப் பலப்படுத்தியது. பெண்களின் அடையாள அட்டைகளைத் திறந்துபோட்டவர்களிடம் இப்போது அக்காவின் கேள்வியோடு சட்டத்தின் பிரிவையும் காட்டலாம். ஆனால் சட்டத்தால் மட்டும் ஆகாத வேலையும் இருக்கிறது. எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் வருகிற அதே மணி நேரத்தில் தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும். கிளை அலுவலகத்தில் வேலை செய்பவர் தன் மொழியில் தலைமை அலுவலகத்தைக் கேட்கவும், அதற்கு நன்றி என்ற பதில் கிடைக்கவும் வேண்டும். இப்போது நான் எழுதும் ஒவ்வொரு அறிக்கையிலும், ஓட்டைகளின் பட்டியலுக்கு முன்னால், இந்த நிறுவனத்தில் சந்தேகம் வந்தவர் யாரைக் கேட்கலாம், கேட்டால் என்ன நடக்கிறது என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு ஆபத்து மதிப்பெண் போடும் சூத்திரம் கிடையாது. மேலாளர்கள் அந்தப் பகுதியைத்தான் அதிக நேரம் படிக்கிறார்கள்.

மாத்தளையில் தமிழ் மொழியில் படிக்கும் பிள்ளைகள், ஆங்கிலம் தடுமாறுகிறது, இந்தத் துறை நமக்கு வராது என்று என்னிடம் சொல்கிறார்கள். ஆங்கிலம் படித்துக்கொள்ளலாம், கருவிகளும் பழகிவிடும். அதட்டலுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவரின் மனதை அறிந்தவர்கள் இந்தத் துறையில் குறைவு, நீங்கள் அதை வீட்டிலேயே கற்றிருக்கிறீர்கள். வாருங்கள், உங்களுக்கு இங்கே வேலை இருக்கிறது.